இருளிற் பிறந்த காவியம்

1660ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் இலண்டன் மாநகரின் தேவாலய மணிகளெல்லாம் ஒருங்கே ஒலித்தன. வீதிகளில் மலர் தூவினார்கள். நீரூற்றுக்களில் மது ஓடவிட்டார்கள். பதினொரு ஆண்டுகள் முடியரசின்றி இருந்த இங்கிலாந்து அன்று இரண்டாம் சாள்ஸ் மன்னனை மீண்டும் அரியணையேற்ற வரவேற்றது. அந்த மணியொலி எட்டும் தொலைவில், பார்தொலோமியு குளோஸ் என்னும் ஒதுக்குப்புறத்தில், நண்பரொருவரின் வீட்டிலே ஐம்பத்தொரு வயதான மனிதர் ஒருவர் மறைந்திருந்தார். எட்டாண்டுகளுக்கு முன்னரே அவருக்கு இரு கண்களும் முற்றாக ஒளியிழந்துவிட்டன. அவர் பெயர் ஜோன் மில்டன்.

அவர் ஒளிந்திருந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. புதிய மன்னனின் தந்தையாகிய முதலாம் சாள்ஸ், பாராளுமன்றத்தோடு பொருதித் தோற்று, 1649ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மக்கள் முன்னிலையிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். ஐரோப்பா முழுவதும் அச்செய்தி கேட்டு நடுங்கிய வேளையில், கொடுங்கோலனை நீக்கும் உரிமை குடிகளுக்கு உண்டென்று வாதிட்டு நூலொன்றை இரு வாரங்களுக்குள் வெளியிட்டவர் மில்டன். அடுத்த மாதமே புதிய குடியரசின் அயல்மொழிச் செயலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. பிறநாட்டு அரசுகளுக்குச் செல்லும் ஓலைகளை இலத்தீன் மொழியில் வரைவது அவர் தொழில். அத்துடன், மன்னனைக் கொன்ற நாட்டைப் பழித்துப் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் சல்மாசியசு எழுதிய நூலுக்கு மறுப்பெழுதும் பணியும் அவர்மேல் விழுந்தது. இடக்கண் ஏற்கெனவே பழுதுற்றிருந்தது. எழுதினால் மற்றக் கண்ணும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவர் எழுதினார். நூல் 1651இல் வெளிவந்தது. 1652ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருள் முழுமையாகக் கவிந்துவிட்டது.

இந்தப் பார்வையிழப்புக்கு வித்து, சிறுவயதிலேயே ஊன்றப்பட்டது என்பது அவரே தந்த வாக்கு. 1608ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இலண்டனில் பிரெட் வீதியிற் பிறந்த மில்டன், பன்னிரண்டாம் வயதிலிருந்து நள்ளிரவுக்கு முன்னர் நூலை மூடிப் படுக்கைக்குச் சென்றது அரிது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்ற பிள்ளை அவர். தந்தையார் பத்திரம் எழுதும் தொழிலிற் பொருளீட்டியவர். ஆயினும் உள்ளத்தால் இசைவாணர். அவர் இயற்றிய பாடல்கள் அக்காலத்துத் தொகுப்புக்களில் அச்சேறியுள்ளன. மகனும் ஓகன் என்னும் பேரிசைக் கருவியை வாசிக்கப் பழகினார். கண்ணைப் புத்தகத்துக்குக் கொடுத்த அதே வீடு காதை இசைக்குக் கொடுத்தது. பின்னாளில் ஒன்று போனபோது மற்றொன்று எஞ்சிற்று. இதனை நினைவிற் கொள்ளாமல் மில்டனின் கவிதையை விளங்கிக்கொள்ள முடியாது.

கேம்பிறிட்ஜில் முதுகலைப் பட்டம் பெற்றபின், 1638இல் அவர் இத்தாலிக்குப் பயணமானார். அங்கே முதியவர் கலிலியோவைக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பூமி சுழல்கின்றது என்று சொன்ன குற்றத்துக்காகத் திருச்சபை விசாரணை மன்றம் கலிலியோவை அப்போது வீட்டுக் காவலில் வைத்திருந்தது. தொலைநோக்கியால் வானத்தைத் துருவிய அக்கண்களும் அதே காலத்திற் குருடாகிவிட்டன. முப்பது வயதும் நிரம்பாத ஆங்கில இளைஞர் அந்தக் காட்சியிலிருந்து எதனை எடுத்துச் சென்றாரோ அறியோம். ஆனால் பிற்காலத்தில் அவர் பாடிய பெருங்காவியத்தில், தம் காலத்தவருள் பெயர்சுட்டிக் குறிப்பிட்ட ஒரே மனிதர் கலிலியோ.

பார்வை மங்கிய விதத்தை மில்டன் நண்பர் ஒருவருக்கு 1654இல் எழுதிய இலத்தீன் கடிதமொன்றில் விவரித்திருக்கிறார். அந்நண்பர் ஆதன்சு நகரத்தவரான பிலாராசு. பாரிசு மருத்துவர் ஒருவரிடம் கேட்டறியலாமென்று நோயின் இலக்கணங்களைக் கேட்டிருந்தார். காலையில் நூலெடுத்தால் கண் வலிக்கும். விளக்கைப் பார்த்தால் அதனைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். இடக்கண்ணின் ஓரத்திலிருந்து பனிமூட்டம் போல ஒன்று பரவும். பார்வை முற்றாக அழியாதிருந்த நாட்களில், கண்ணை மூடிப் படுத்தால் இமைக்குள்ளிருந்து ஒளி வெள்ளமாகக் கொட்டும். பின்னர் அவ்வொளி நிறம் மங்கிற்று. இறுதியில் எஞ்சியது கருமையன்று, சாம்பல் கலந்த ஒருவகை வெண்மை. தம்மீது இரங்கும்படி இக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வானியலார் கிரகணத்தைக் குறித்துவைப்பது போலத் தம் கண்ணின் அழிவைக் குறித்துவைத்திருக்கிறார். புறத்தே பார்ப்போர்க்கு அக்கண்கள் மாசு மறுவின்றித் தெளிவாகவே இருந்தனவாம். என்ன நோய் என்பதில் மருத்துவர்கள் இன்றுவரை உடன்பட்டதில்லை.

அந்த 1652ஆம் ஆண்டு கண்ணோடு மட்டும் நின்றுவிடவில்லை. மே மாதத்தில் மூன்றாவது பெண் குழந்தையைப் பெற்ற சில நாட்களுள் மனைவி மேரி இறந்தாள். அடுத்த மாதம், ஒன்றேகால் வயதான ஒரே ஆண்மகவும் இறந்தது. பார்வையில்லாத தந்தையும் தாயில்லாத மூன்று பெண்குழந்தைகளும் எஞ்சினர். பகைவர்கள் சும்மா இருப்பார்களா? மன்னனைக் கொன்றோருக்குப் பரிந்து பேசிய பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இதுவென்று அச்சிலேயே எள்ளி நகையாடினார்கள். 1656இல் கதரின் வூட்கொக் என்னும் பெண்ணை அவர் மணந்தார். பதினைந்து மாதங்களில் அவளும் இறந்தாள்; பிறந்த குழந்தையும் பின்தொடர்ந்தது. இறந்த மனைவி முகத்திரையோடு கனவில் வருவதாக மில்டன் பாடிய பதினான்கடிப் பாட்டு, கதரினைப் பற்றியதே என்று பெரும்பாலோர் கொள்வர். அவ்வாறாயின் அந்தத் திரை வெறும் அணி அன்று. அவள் முகத்தை அவர் ஒருபோதும் கண்டிருக்க இயலாது. கனவுக்குக்கூட முகம் கொடுக்கக் கண்ணிடம் ஒன்றுமில்லை.

1658இல் குடியரசின் தலைவர் ஒலிவர் குரொம்வெல் இறந்தார். அதன்பின் படைத்தலைவர்கள் தம்முள் மோதினார்கள். மக்கள் சலித்துப்போய், அரசனே வந்தாலும் பாதகமில்லை என்ற நிலைக்கு வந்தனர். நேற்றுவரை குடியாட்சிக்குக் கொடிபிடித்தவர்கள் இரவோடிரவாக முடியரசுக்காரரானார்கள். 1660ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், மன்னன் திரும்புவது உறுதியென்று எல்லாரும் அறிந்திருந்த வேளையில், முடியாட்சிக்கு மீளவேண்டாம் என்று மில்டன் மேலும் ஒரு நூல் எழுதினார். போதாதென்று அதனை விரித்து ஏப்ரில் மாதத்தில் மறுபதிப்பும் வெளியிட்டார். இதனைத் துணிவென்பதா, பிடிவாதமென்பதா? இரண்டுமே பொருந்தும். ஆட்சி மாறியபின் அவருடைய நூல்கள் கொலைக்களத் தொழிலாளன் கையால் தீயிலிடப்பட்டன. அவரும் கைதாகிச் சில காலம் சிறையிருந்து, டிசம்பரில் விடுதலையானார். காவற் கட்டணமாக அளவுக்கு மிஞ்சிய பணம் பறிக்கப்பட்டது என்று பாராளுமன்றத்தில் எழுந்து முறையிட்டவர், முன்னர் அவருக்கு உதவியாளராயிருந்த கவிஞர் அன்ட்ரூ மார்வெல். அரசாங்கத்தில் இட்டுவைத்திருந்த சேமிப்பு ஏறக்குறைய இரண்டாயிரம் பவுண் திரும்பவே இல்லை. குரொம்வெல்லின் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கிலிட்டு மகிழ்ந்தது அன்றைய இலண்டன்.

இவ்வாறு கண் போயிற்று, மனைவியர் இருவர் போயினர், பொருள் போயிற்று, இருபதாண்டுகள் உழைத்த இலட்சியம் போயிற்று. இந்த இடிபாட்டின் நடுவிலிருந்துதான் அவர் பெருங்காவியம் முழுமை பெற்றது. தமிழிலே வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் அதற்குச் 'சுவர்க்க நீக்கம்' என்று பெயர் தந்தார். முதற் பெற்றோராகிய ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு ஏதேன் சோலையை இழந்த விவிலியக் கதைதான் அதன் பொருள். பத்தாயிரத்து ஐந்நூறு அடிகளுக்கு மேற்பட்டது. எல்லாவற்றையும் இழந்த மனிதர் இழப்பையே காவியப் பொருளாகக் கொண்டதில் வியப்பில்லை. அந்த அடிகள் உருவான முறைதான் வியப்பு.

மில்டனின் மருகரும் மாணவருமான எட்வேட் பிலிப்ஸ் அதனைக் குறித்து வைத்துள்ளார். இலையுதிர்காலம் தொடங்கி இளவேனில் வரையிலான குளிர்மாதங்களில் மாத்திரமே மில்டனுக்குக் கவிதை தடையின்றி ஊறியது. கோடையில் எவ்வளவு முயன்றாலும் மனநிறைவு தரும்படி ஒன்றும் வராது. இரவில், அல்லது விடியுமுன் எழுந்து, படுக்கையிற் கிடந்தபடியே மனத்துள் அடிகளைக் கட்டுவார். பத்து, இருபது, முப்பது அடிகள் உள்ளே சேர்ந்திருக்கும். காலையில் எழுத யாரேனும் வரவேண்டும். கைபிடிக் கதிரையிற் சாய்ந்து, ஒரு காலைக் கதிரையின் கைமேற் போட்டுக்கொண்டு சொல்லுவார்; வந்தவர் எழுதுவார். எழுதுபவர் வரத் தாமதித்தால், பால் கட்டிய பசுவைப் போலத் தம்மைக் கறப்பாரில்லையே என்று நொந்துகொள்வாராம். பெரும்புலவர் ஒருவர் தம் கவிதைக்குச் சொன்ன உவமைகளுள் இதனிலும் எளிமையானது கிடையாது. எழுதியவர்களும் ஒருவரல்லர். மருகர், மாணவர், பார்க்கவந்த நண்பர், யாராயினும் வந்த கைக்கு எழுதுகோல் தரப்பட்டது.

நம் நாட்டவர்க்கு இந்த முறை முற்றிலும் புதிதன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுத்தெழுதச் சொல்லிக் கற்றாரென்றும், யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றாரென்றும் செவிவழிச் செய்தி உண்டு. ஏடெடுக்காமல் பாடுவது நம் புலவர் மரபிற் பெருமைக்குரிய ஆற்றல். ஆனால் மில்டன் பிறந்தது அச்சகங்களின் ஊர். படித்துப் படித்தே புலவரானவர் அவர். நாற்பத்துமூன்று வயதுக்குமேல் ஏட்டை விட்டு நாவுக்கும் செவிக்கும் மாறவேண்டியிருந்தது. அம்மாற்றம் காவியத்தின் ஒவ்வோர் அடியிலும் பதிந்திருக்கிறது.

முதலாவதாக, அவர் இயைபை உதறினார். அடியின் ஈற்றிற் சந்தம் ஒத்துவருவதே செய்யுள் என்று அக்கால ஆங்கிலேயர் பெரும்பாலோர் நினைத்திருந்தனர். நாடகத்தில் இயைபில்லாத அடி வழக்கிலிருந்ததேயன்றிக் காவியத்துக்கு அது ஒவ்வாதென்பது பொதுக் கருத்து. 1667இல் நூல் வெளிவந்தபின், ஏன் இயைபு இல்லை என்று வாசகர் கேட்கத் தொடங்கவே, பதிப்பாளர் மில்டனிடம் விளக்கம் வாங்கி அடுத்த ஆண்டுப் பிரதிகளிற் சேர்த்தார். இயைபு ஒரு தளை. தாம் கவிதைக்கு அதன் பழைய விடுதலையை மீட்டுத் தந்ததாக அவர் கருதினார். அரசியலில் தோற்ற சொல்லாகிய விடுதலையை யாப்பிலக்கணத்திலாவது அவர் நிலைநாட்டினார் போலும்.

இரண்டாவதாக, அவருடைய வாக்கியம். காவியத்தின் முதல் வாக்கியம் பதினாறு அடிகள் நீள்கிறது. அதன் முதன்மை வினைச்சொல் ஆறாம் அடியில்தான் வருகிறது. ஆங்கில மாணவர் பலர் இங்கேதான் மூச்சுத் திணறி நூலை மூடுவர். இலத்தீனை ஆங்கிலத்தில் எழுதினார் என்று குறைகூறுவோரும் உண்டு. ஆனால் அகவற்பாவிற் பழகிய தமிழ்ச் செவிக்கு இது கடினமன்று. அடைமொழிகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி வர, ஐந்து அடி, பத்து அடி கடந்து வரும் வினைமுற்றுக்காகப் பொறுமையோடு காத்திருப்பது நமக்குப் புறநானூறு கற்றுத்தந்த பழக்கம். மில்டனைக் கண்ணாற் படிப்பவன் தடுக்கி விழுவான். வாய்விட்டுப் படிப்பவன் அவர் எங்கே மூச்செடுத்தாரோ அங்கே மூச்செடுத்துக் கரைசேர்வான். பாடசாலைகளில் இதனை மௌனமாக வாசிக்கச் சொல்வது பெரும்பிழை.

மூன்றாவது, அவர் காட்டும் அழகின் தன்மை. ஏதேன் சோலையை அவர் வருணிக்கும் நான்காம் பாகத்தில், சாத்தான் அச்சோலையைக் கண்ணாற் காணுமுன்னே அதன் மணம் அவனை எதிர்கொள்கிறது. ஆபிரிக்கக் கரையைக் கடந்து செல்லும் மாலுமிகளுக்கு நடுக்கடலில் அராபிய நாட்டு நறுமணம் காற்றில் வந்து சேர்வதை அதற்கு உவமை சொல்கிறார். அம்மணத்தை நுகர்வதற்காகக் கப்பல் வேகத்தைத் தளர்த்துகிறதாம். மாலைப் பொழுதை வருணிக்கும்போது நிறத்தைச் சிறிது காட்டி உடனே விட்டுவிடுகிறார். பறவையும் விலங்கும் அடங்கிய அமைதி, அந்த அமைதியில் இரவெல்லாம் பாடும் ஒரு பறவை, இவையே அவருடைய மாலை. மற்றோரிடத்தில், நெருக்கமான நகரத்திற் சாக்கடை நாற்றத்தினிடையே நெடுங்காலம் அடைபட்டிருந்தவன் ஒருவன், கோடைக் காலையொன்றில் வயற்புறம் சென்று, தானியம், உலர்ந்த புல், பசுக்கொட்டில் ஆகியவற்றின் வாசனையை மூச்சிழுத்து மகிழ்கிறான். சாத்தான் ஏவாளைக் கண்ட மகிழ்ச்சிக்கு இது உவமை. தீமையின் உருவமாகிய சாத்தானுக்குக்கூட, ஒரு கணம், இலண்டன் சந்தொன்றில் அடைபட்ட குருடரின் ஏக்கத்தை அவர் கடனாகக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் பாகத்தின் தொடக்கம் இன்னும் நெருக்கமானது. காவியக் கதையை நிறுத்திவிட்டு ஒளியை விளித்துப் பேசுகிறார். பருவங்கள் ஆண்டுதோறும் மீள்கின்றன. பகல் மட்டும் தமக்கு மீளவில்லை என்கிறார். தாம் காணாத பொருட்களை அங்கே எண்ணிச் சொல்லுகையில், பூவும் ஆட்டுமந்தையும் சொல்லி, கடைசியில் மனித முகத்தைச் சொல்கிறார். காவியம் பாடுவோன் தன் சொந்தத் துன்பத்தைப் புகுத்தலாகாது என்பது பழைய விதி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெருந்திறனாய்வாளர் சாமுவேல் ஜோன்சன் இந்நூலை இன்னும் நீளமாக இருந்திருக்கலாகாதா என்று விரும்புவார் எவருமில்லை என்ற பொருள்படக் குத்திப் பேசியவர். அவர்கூட இத்தகைய இடைப்பிறவரல்களை நீக்க மனம் வராதென்று ஒப்புக்கொண்டார். ஏழாம் பாகத்தில் மீண்டும் தம்மைப் பற்றிப் பேசுகிறார். சூழவும் இருளும் ஆபத்தும், காலமோ கெட்டுவிட்டது, ஆயினும் தம் குரல் கரகரக்கவுமில்லை, ஊமையாகவுமில்லை என்கிறார். எல்லாப் படைக்கலங்களும் பறிபோன மனிதர், எஞ்சியது எதுவென்று சரிபார்த்துச் சொல்லும் கூற்று அது.

இருபதாம் நூற்றாண்டில் ரி. எஸ். எலியற் இதையே குற்றமாக எடுத்துரைத்தார். மில்டனின் கவிதையில் காட்சி இல்லை, ஒலியே மிகுந்திருக்கிறது என்பது 1936இல் அவர் சொன்ன குறை. 1947இல் அவரே அதனை ஓரளவு தளர்த்திக்கொண்டார். குறையின் முற்பாதி உண்மை. ஏதேனின் மலர்களை வைத்து ஓவியன் படம் வரைய முடியாது. ஆனால் காதுக்குரிய ஒன்றைக் கண்ணுக்குரியதன்று என்று குறைகூறுவது, வீணையை அது குடமாகவில்லை என்று பழிப்பது போன்றது.

நம் பக்கத்து மரமொன்று அந்தச் சோலையில் வேரூன்றியிருப்பதைப் பலர் அறியார். கனியுண்ட ஆதாமும் ஏவாளும் நாணி, மறைத்துக்கொள்ள இலை தேடுகின்றனர். ஒன்பதாம் பாகத்தில் வரும் அந்த மரம் ஐரோப்பிய அத்தியன்று. மலையாளக் கரையிலும் தக்காணத்திலும் உள்ள ஆலமரம் என்று மில்டன் தெளிவாகச் சொல்கிறார். கிளைகள் வளைந்து நிலத்தில் ஊன்றி வேர்விட, தாய்மரத்தைச் சுற்றி மகள்மரங்கள் வளரும். தூண் நிரைத்த மண்டபம்போல நிழல் விரியும். வெயில் தாங்காத இடையன் அதனுள் ஒதுங்கி, தழையிடையே துளையிட்டு மந்தையைக் காவல் பார்ப்பான். விழுது விட்ட ஆலை நாள்தோறும் காண்பவர்க்கும் இவ்வருணனை புதிதாகத் தோன்றும். ஆனால் ஆலிலை கேடயமளவு அகன்றதென்று அவர் சொல்வதைக் கேட்டால் நம் ஊர்ச் சிறுவர்கள் சிரிப்பார்கள். காணாத மரத்தை நூல்வழி கேட்டறிந்து, குருடான பின் நினைவிலிருந்து எழுப்பியவருக்கு இச்சிறு பிழை மன்னிக்கத்தக்கதே. 1671இல் வெளிவந்த 'சுவர்க்க மீட்சி' என்னும் பிற்காவியத்தில் இலங்கையும் வருகிறது. உரோமப் பேரரசுக்குத் தூது வருவோரை வரிசைப்படுத்தும் இடத்தில், இந்தியத் தீவுகளுள் கடைக்கோடியாகிய 'தப்ரபேன்' என்று நம் நாட்டைப் பழம்பெயரால் அவர் குறிக்கிறார்.

இப்பெருமைகளுக்கிடையே மறைக்கக்கூடாத செய்தியொன்றும் உண்டு. மில்டனின் புதல்வியர் மூவருள் மூத்தவள் அன் கால் ஊனமுற்றவள், பேச்சும் திருந்தவில்லை. மற்ற இருவரும், மேரியும் டெபோராவும், தந்தைக்கு நூல்களை வாசித்துக் காட்டவேண்டும். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளில் ஒரு சொல்லும் விளங்காமலே உச்சரிப்புப் பிழையின்றி வாசிக்க அவர்கள் பழக்கப்பட்டனர். பொருள் தெரியாத ஒலிகளை மணிக்கணக்கில் ஓதும் இளம்பெண்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். தந்தை மீண்டும் திருமணம் செய்யப்போகிறார் என்று 1663இல் கேள்விப்பட்ட மேரி, திருமணம் ஒரு செய்தியா, இறந்தார் என்று கேட்டாலல்லவா செய்தி என்ற கருத்துப்படப் பேசியதாகப் பணிப்பெண் ஒருத்தியின் சாட்சியம் இருக்கிறது. பிள்ளைகள் தம் நூல்களைத் திருட்டாக விற்பதாகத் தந்தையும் குறைப்பட்டார். சுதந்திரத்துக்காக மன்னனை எதிர்த்தவர், தம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு மொழி போதும் என்று எண்ணியிருந்தார். காவியத்தின் விலையில் ஒரு பங்கை அவர்களும் செலுத்தினார்கள். அதற்கு எவரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் பிடித்தது. தோமஸ் எல்வுட் என்னும் இளைஞர், முன்னர் மில்டனுக்கு இலத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவர், சல்பொன்ட் சென் ஜைல்ஸ் என்னும் கிராமத்திற் சிறு வீடொன்றை அவருக்காக அமர்த்தினார். மில்டன் குடியிருந்த வீடுகளில் இன்று எஞ்சி நிற்பது அதொன்றே. அங்கே சென்று பார்த்த எல்வுட்டின் கையில் மில்டன் ஒரு கையெழுத்துக் கட்டைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். முற்றுப்பெற்ற காவியம் அதுதான். படித்துவிட்டு வந்த இளைஞர், சுவர்க்கத்தை இழந்தது பற்றி நிறையச் சொன்னீர்கள், மீட்டது பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். மில்டன் மறுமொழி சொல்லாமற் சிறிது நேரம் சிந்தனையில் ஆழ்ந்திருந்துவிட்டு, பேச்சை மாற்றினாராம். 'சுவர்க்க மீட்சி'க்கு வித்திட்ட வினா இதுவென்று எல்வுட் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நோய் தணிந்து ஊர் திரும்பிய மறு ஆண்டு, 1666 செப்டெம்பரில், பெருந்தீ எழுந்தது. பிரெட் வீதியில் மில்டன் பிறந்த வீடும், அவருக்கென்று எஞ்சியிருந்த சொத்தும் அதிலே எரிந்தன. புத்தக வணிகர்களின் களஞ்சியங்கள் சாம்பலாயின. அந்நிலையிற் காவியத்தை அச்சிட முன்வந்தவர் சாமுவேல் சிமன்ஸ். 1667ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆம் நாள் செய்த உடன்படிக்கை இது: கையோடு ஐந்து பவுண்; முதற்பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றால் மேலும் ஐந்து பவுண். இரண்டாம் ஐந்து பவுண் இரண்டாண்டுகளில் வந்தது. அதற்குமேல் அவர் வாழ்நாளில் ஒன்றும் வரவில்லை. அச்சிட அனுமதி கேட்டபோது, கிரகணத்தைக் கண்டு மன்னர்கள் கலங்குவதாக முதற் பாகத்தில் வரும் உவமையை அரசத் துரோகமென்று தணிக்கையாளர் ஐயுற்றதாகவும் ஒரு செய்தி உண்டு. தணிக்கையாளரின் மோப்பம் முழுப்பொய்யன்று. நரகத்தில் வீழ்ந்த வானவர்கள் கூடி, இனி என்செய்வதென்று வாதிடும் அந்த முதலிரு பாகங்களில், தோற்றுப்போன பாராளுமன்றத்தின் குரல் எவருக்கும் கேட்கும். சாத்தானுக்கு அத்துணைக் கம்பீரமான சொற்களைக் கொடுத்தது ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோல்வியின் சொற்கள் எப்படி ஒலிக்கும் என்பது மில்டனுக்கு நன்கு தெரிந்திருந்தது என்பதே நேரிய விடை.

இறுதியாண்டுகளில் வாதநோய் அவர் கைகளை முடக்கியது. வெயில் நாட்களில் சாம்பல் நிறமான முரட்டு மேலங்கியுடன் வாசலில் அமர்ந்து, காணவந்தோரோடு உரையாடுவார். மாலையில் ஓகன் வாசிப்பதும் பாடுவதும் உண்டு. 1674ஆம் ஆண்டு காவியத்தின் பத்துப் பாகங்களைப் பன்னிரண்டாக வகுத்து இரண்டாம் பதிப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் இறந்தார். வலியின்றி உயிர் பிரிந்தமையால் அறையிலிருந்தோர்க்கும் அந்நேரம் தெரியவில்லையாம். 1680இல் கைம்பெண்ணாகிய எலிசபெத், எஞ்சிய உரிமை அனைத்தையும் எட்டுப் பவுணுக்கு அச்சாளரிடம் விட்டுக்கொடுத்தார். ஆகமொத்தம் பதினெட்டுப் பவுண்.

அந்தக் கையெழுத்துப் பிரதியில் முதற் பாகம் மட்டும் அழியாமற் கிடைத்திருக்கிறது. முப்பத்துமூன்று பக்கங்கள். நியூயோர்க் நகரில் மோர்கன் நூலகத்தில் அது காக்கப்படுகிறது. அச்சுக்காக அழகாகப் படியெடுத்த எழுத்து ஒருவருடையது. இடையிடையே எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறியையும் திருத்திய கைகள் வேறு. அவற்றுள் மில்டனின் கையால் எழுதியது ஓர் எழுத்தும் இல்லை.